பாட்டியின் கதையும் 555 குறிப்பேடும்

“டீச்சர், நீங்க எழுதின கதை ஒன்னு காட்டுங்களேன்!”

இரண்டாம் படிவ மாணவி ஒருத்தி ஒரு நாள் என்னிடம் இப்படிக் கேட்டாள். அன்று வகுப்பில் சிறுகதை எழுதுவது எப்படி என்று விளக்கிக் கொண்டிருந்தேன். தொடக்கம், வளர்ச்சி, உச்சம், முடிவு என வெண்பலகையில் படம் வரைந்து காட்டினேன். எல்லாம் முடிந்தபின் அவள் கையை உயர்த்திக் கேட்ட கேள்விதான் இது. குறும்பாகக் கேட்கவில்லை. உண்மையாகவே படிக்க ஆசைப்பட்டாள்.

என்னிடம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. பதினைந்து ஆண்டுகளாகத் தமிழாசிரியராகப் பணியாற்றுகிறேன். ஆயிரக்கணக்கான கட்டுரைகளைத் திருத்தியிருக்கிறேன். ஆனால், எனக்காக ஒரு பக்கம் எழுதி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. “அடுத்த வாரம் கொண்டு வருகிறேன்” என்று சொல்லிச் சமாளித்தேன். அந்தப் பொய் என்னை விடவில்லை. நீச்சல் தெரியாத ஒருவர் குளக்கரையில் நின்று நீச்சல் கற்றுக் கொடுப்பதைப் போல் என் நிலைமை எனக்கே தோன்றியது.

அன்று வீடு திரும்பிய பிறகு நெடுநேரம் யோசித்தேன். எழுதும் ஆசை எனக்கு எப்போது போயிற்று? முதலில் அது எங்கிருந்து வந்தது? இக்கேள்விகளுக்கு விடை தேடியபோது நான் கண்டுகொண்ட உண்மையைத்தான் இக்கட்டுரையில் பகிர்ந்து கொள்ள விரும்புகிறேன். எழுத்தின் மீது நமக்குள்ள அன்பு, சிறு வயதில் நாம் கேட்ட கதைகளிலிருந்தே பிறக்கிறது. அந்த அன்பைத் தொலைத்தவர்கள் அதே கதைகளிடம் திரும்பிச் சென்றால் மீண்டும் பெறலாம். இதுவே என் கருத்து.

நான் பிறந்து வளர்ந்தது பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில். என் பாட்டி பால்மரம் வெட்டும் தொழிலாளி. விடியற்காலை இருட்டிலேயே பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போவார். நண்பகலுக்குப் பின் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்து வீட்டுக்குத் திரும்புவார். மாலையில் குளித்து, வெற்றிலை போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்காருவார். அதன் பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் நாங்களும் அவரைச் சுற்றிக் கொள்வோம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால், அவரிடம் கதைகளுக்குப் பஞ்சமே இல்லை.

அவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது குரங்கும் முதலைகளும் கதை. ஆற்றின் இக்கரையில் ஒரு குரங்கு. அக்கரையில் பழுத்துக் குலுங்கும் ரம்புத்தான் மரம். இடையில் பசித்த முதலைகள். குரங்கு என்ன செய்தது தெரியுமா? “கிராணி ஐயா என்னை அனுப்பியிருக்கிறார். எல்லாரும் பெரட்டுக்கு வரிசையாக நில்லுங்கள். எத்தனை பேர் என்று எண்ணிப் பெயர் எழுத வேண்டும்” என்று அதட்டியது. முதலைகள் பயந்து போய் இக்கரையிலிருந்து அக்கரை வரை வரிசை பிடித்து நின்றன. குரங்கு ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணியபடியே அவற்றின் முதுகில் தாவி அக்கரை சேர்ந்தது. பெரட்டுக் களத்தையும் கிராணியையும் நாள்தோறும் பார்த்துப் பழகிய எங்களுக்குச் சிரிப்பு தாங்காது. கதை எப்போதாவது நின்றால், “அப்புறம் பாட்டி? அப்புறம்?” என்று அவரை உலுக்குவோம்.

பெரியவளான பின்புதான் எனக்கு ஒன்று விளங்கியது. பாட்டி சொன்னது ஒரு கதை அன்று. இரண்டு கதைகளின் சேர்க்கை. குரங்கும் முதலையும் பஞ்சதந்திரத்தில் வரும் பாத்திரங்கள். அக்கதையில் ஒரு முதலைதான் உண்டு. தன் இதயத்தை மரத்திலேயே வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிக் குரங்கு தப்பிக்கும். முதலைகளை வரிசையாக நிறுத்தி எண்ணுவதோ மலாய் மக்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் சங் கஞ்சில் கதை. அதில் சருகுமான் அரசரின் ஆணை என்று சொல்லி முதலைகளை ஏமாற்றி ஆற்றைக் கடக்கும். பாட்டி தம் தாயிடம் கேட்டதையும், அண்டைக் கம்பத்து மலாய்த் தோழியிடம் கேட்டதையும் ஒன்றாக்கி, அரசர் இருந்த இடத்தில் தோட்டத்துக் கிராணியை உட்கார வைத்திருக்கிறார்!

கதைகள் இப்படி மொழிவிட்டு மொழி தாவுவது நம் நாட்டுக்குப் புதிதன்று. மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா 1835ஆம் ஆண்டிலேயே பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாய்மொழிக்குக் கொண்டு சென்றார். ஓர் அறிஞர் ஏட்டில் செய்த வேலையை எழுத்தறியாத ஒரு தோட்டத் தொழிலாளி தம் வாசற்படியில் உட்கார்ந்து, தமக்கே தெரியாமல் செய்திருக்கிறார். இதை எண்ணும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அக்கதைகளைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் எழுதத் தொடங்கினேன். நான்காம் ஆண்டு படிக்கும்போது, மளிகைக் கடைக் கடன் எழுதும் 555 குறிப்பேடு ஒன்றை அப்பாவிடம் கெஞ்சி வாங்கினேன். பாட்டி சொன்ன கதைகளை அதில் எழுதினேன். ஒரு குறிப்பேடு நிறைந்ததும் இன்னொன்று. எழுதியதை மறுநாள் மாலை பாட்டிக்கே படித்துக் காட்டுவேன். அவர் வெற்றிலையை மென்றபடியே கேட்டுவிட்டு, “நான் சொன்னதைவிட நீ சொல்றது நல்லா இருக்கு, கண்ணு” என்பார். அதற்குமேல் எனக்கு எந்தப் பரிசும் தேவைப்படவில்லை.

பிறகு இடைநிலைப்பள்ளிக்குப் போனேன். ஒரு முறை, ‘என் வாழ்வில் மறக்க முடியாத நாள்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். பாட்டியை மரவட்டை கடித்துவிட்டதாக எண்ணி நாங்கள் பதறிய நாளைப் பற்றி, பாட்டி பேசுவதைப் போலவே எழுதினேன். கட்டுரை திரும்பி வந்தபோது, ‘பேச்சுமொழியைத் தவிர்க்கவும். மாதிரிக் கட்டுரையைப் பின்பற்றுக’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. அந்த ஆசிரியரை நான் குறை கூறவில்லை. தேர்வில் நான் தேற வேண்டும் என்ற அக்கறையில்தான் அவர் அப்படி எழுதினார். நானும் அடங்கிய பிள்ளையாக மாதிரிக் கட்டுரைகளை மனனம் செய்தேன். அதன் பின்னர் ஒவ்வொரு தேர்விலும் சிறந்த புள்ளிகள் பெற்றேன். ஆனால், அந்த ஆண்டோடு 555 குறிப்பேட்டில் எழுதுவது நின்று போயிற்று.

பின்னாளில் நானே ஆசிரியரானேன். எனக்குக் கிடைத்ததையே என் மாணவர்களுக்கும் கொடுத்தேன். அதன் விளைவை ஒருநாள் கண்கூடாகக் கண்டேன். ‘நான் கண்ட விபத்து’ என்ற தலைப்புக்கு வந்த கட்டுரைகளில் பெரும்பாலானவை, காலைக் கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்புவதில் தொடங்கின. பறவைகள் கீச்சிட்டன. தென்றல் தவழ்ந்தது. ஒரு மாணவன் எழுதிய விபத்து நள்ளிரவில் நடந்தது. ஆனாலும், அவனும் கதிரவனை விடவில்லை! முதலில் சிரிப்பு வந்தது. பின்னர் வருத்தம் வந்தது. ஏனெனில், அந்தக் கதிரவனை அவர்கள் கையில் கொடுத்தவளே நான்தான்.

நம் நாட்டில் 2021ஆம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வும் 2022ஆம் ஆண்டில் பி.டி.3 தேர்வும் அகற்றப்பட்டன. தேர்வு போய்விட்டால் மனனம் செய்யும் பழக்கமும் போய்விடும் என்று பலர் நம்பினோம். என் வகுப்பில் அப்படி நடக்கவில்லை. தேர்வு போனாலும் கதிரவன் போகவில்லை. எழுத்து என்றாலே வேறொருவரின் சொற்களை ஒழுங்காக அடுக்குவது என்னும் எண்ணம் நம் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது. அதை மாற்ற வேண்டுமானால், எழுத்துக்கு முன்பு நம்மிடம் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும்.

மாணவி கேள்வி கேட்ட அந்தத் தவணை விடுமுறையில் நான் பாட்டியைப் பார்க்கச் சென்றேன். நாங்கள் வாழ்ந்த தோட்டம் இப்போது இல்லை. பாட்டி, மாமாவுடன் ஒரு தாமானில் வசிக்கிறார். எண்பது வயதைக் கடந்துவிட்டார். நினைவு மங்கி வருகிறது. என்னைச் சில வேளைகளில் என் அம்மாவின் பெயர் சொல்லி அழைக்கிறார். மாலையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “அந்தக் குரங்கு கதையைச் சொல்லுங்க, பாட்டி” என்றேன். அவர் முகம் மலர்ந்தது. குரங்கு வந்தது. முதலைகள் வந்தன. கிராணியும் வந்தார். முதலைகள் வரிசையில் நின்றன. அங்கே பாட்டி நின்றுவிட்டார். சற்று நேரம் என்னையே பார்த்தார். பிறகு, “அப்புறம்?” என்று கேட்டார்.

அந்தச் சொல் எங்களுடையது. நாங்கள் அவரிடம் கேட்டது. முதன்முறையாக அவர் என்னிடம் கேட்டார். எனக்கும் விடை தெரியவில்லை. குரங்கு அக்கரைக்குப் போனது வரை நினைவிருந்தது. அதன் பிறகு ஏதோ ஒன்று உண்டு என்பது மட்டும் தெரிந்தது. எங்கள் இருவருக்கும் நடுவே அந்தக் கதை அறுந்து தொங்கியது.

மாமாவின் வீட்டு அலமாரிமேல் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் என் 555 குறிப்பேடுகள் இருந்தன. பாட்டிதான் தோட்டத்திலிருந்து அவற்றை எடுத்து வந்தாராம். பென்சில் எழுத்து மங்கியிருந்தது. ரகர, றகர வேறுபாடு எனக்கு அப்போது சரியாகத் தெரிந்திருக்கவில்லை. எழுத்துப்பிழை இல்லாத வரி அரிது. ஆனால், படிக்கப் படிக்க வியந்து போனேன். முதலையின் முதுகு எப்படி இருந்தது என்று எழுதியிருக்கிறேன் தெரியுமா? பால்மரப் பட்டையைப் போல, உளி போட்ட கோடு கோடாக இருந்ததாம். இந்த உவமையை எந்த மாதிரிக் கட்டுரையும் எனக்குத் தரவில்லை. பத்து வயதில் எனக்குச் சொந்தமாக ஓர் உவமை இருந்திருக்கிறது. நாற்பது வயதில் இல்லை.

கதையின் முடிவும் அதில் இருந்தது. அக்கரை சேர்ந்த குரங்கு ரம்புத்தான் மரத்தில் ஏறுகிறது. வயிறாரத் தின்கிறது. பின்னர் ஒரு கொத்துப் பழத்தை ஒடித்து முதலைகளிடம் வீசுகிறது. “இத்தனை பேர் முதுகிலே ஏறி வந்திருக்கேன். வேலை வாங்கினா கூலி கொடுக்கணும் இல்லையா?” என்கிறது.

இந்த முடிவு பஞ்சதந்திரத்தில் இல்லை. சங் கஞ்சில் கதையிலும் இல்லை. வாழ்நாள் முழுதும் கூலிக்கு உழைத்த ஒரு பெண்ணின் முடிவு இது. அதைப் படித்துக் காட்டியபோது பாட்டி சிரித்தார். “ஆமா, கூலி கொடுக்கணும்” என்றார். ஒரு பத்து வயதுச் சிறுமி பிழையோடு எழுதி வைக்காமல் போயிருந்தால், அந்த முடிவு இவ்வுலகில் எங்குமே இருந்திருக்காது. எழுத்து எதற்கு என்ற கேள்விக்கு அன்று எனக்கு விடை கிடைத்தது. அன்றிரவே ஒரு தாளை எடுத்து எழுத உட்கார்ந்தேன்.

சிறு வயதுக் கதைகள் எழுத்தார்வத்தை எப்படி மீட்டுத் தருகின்றன? என் அனுபவத்தில் மூன்று காரணங்களைச் சொல்வேன்.

முதலாவது, மொழியின் ஓசை. இலக்கணம் படிக்கும் முன்பே கதை கேட்ட காது வாக்கியத்தின் நீளத்தை அறியும். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே விரைய வேண்டும் என்பதை அது கற்றுக்கொள்கிறது. அக்கதைகளை நினைத்து எழுதும்போது சொற்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. அவை வரிசை பிடித்து வருகின்றன.

இரண்டாவது, சொந்தப் பார்வை. குழந்தைகளிடம் மனனம் செய்த உவமைகள் இல்லை. தாம் கண்டவற்றோடுதான் எதையும் ஒப்பிடுவார்கள். கதைகளிடம் திரும்பும்போது அந்தக் கண்களும் நமக்குத் திரும்பக் கிடைக்கின்றன.

மூன்றாவது, கேட்பதற்கு ஓர் ஆள். தேர்வுக் கட்டுரையை நாம் புள்ளிக்காக எழுதுகிறோம். அதைப் படிப்பவர் யாரென்றுகூடத் தெரியாது. கதையில் எப்போதும், “அப்புறம்?” என்று கேட்க ஒருவர் இருக்கிறார். அவருக்காக எழுதும்போது எழுத்து சுமையாகத் தெரிவதில்லை.

இதை மறுப்போரும் உள்ளனர். ‘இவை குழந்தைக் கதைகள்தாமே, இவற்றால் பெரிய எழுத்து பிறக்குமா?’ என்பர் சிலர். பிறந்திருக்கிறது. கரிசல் மண்ணின் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் கிராமத்து மக்கள் வாயிலிருந்து கேட்ட கதைகளைத் தேடித் தேடித் தொகுத்தார். அவருடைய எழுத்து நடையே எதிரில் உட்கார்ந்து கதை சொல்வதைப் போன்றது. கொலம்பிய நாட்டு எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்வெஸ், வியப்பான செய்திகளையும் முகம் மாறாமல் சொல்லும் தம் பாட்டியின் பாணியை நினைவில் கொண்டே 1967இல் வெளிவந்த ‘நூறாண்டுத் தனிமை’ நாவலை எழுதியதாகக் கூறியுள்ளார். அவருக்கு 1982இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

‘தேர்வில் இதெல்லாம் உதவுமா? எஸ்.பி.எம். தேர்வில் கட்டுரைக்கு அமைப்பு வேண்டாவா?’ என்பது மற்றொரு கேள்வி. வேண்டும். நான் அமைப்பை எதிர்க்கவில்லை. கடிதத்துக்குக் கடித அமைப்பும் அறிக்கைக்கு அறிக்கை அமைப்பும் தேவை. மரபுத்தொடர், பழமொழி ஆகியவற்றை அறிவதும் தேவை. பிழையின்றி எழுதுவது மிகத் தேவை. ஆனால், அமைப்பு என்பது பாத்திரம். சோறு இல்லாமல் பாத்திரத்தை மட்டும் துலக்கி வைத்தால் பசி தீராது. சொல்ல ஒன்று கிடைத்த மாணவர், அதைச் செம்மையாகச் சொல்லத் தாமே முயல்வார்.

இதை நான் என் வகுப்பில் பார்த்தேன். விடுமுறைக்குப் பின் என் 555 குறிப்பேட்டை அந்த மாணவியிடம் காட்டினேன். என் எழுத்துப்பிழைகளைக் கண்டு வகுப்பே சிரித்தது. பிறகு, வீட்டில் யாராவது ஒருவரிடம் ஒரு கதை கேட்டு, கேட்டபடியே எழுதி வரச் சொன்னேன். முன்னுரை வேண்டாம், கதிரவனும் வேண்டாம் என்றேன். வழக்கமாக அரைப் பக்கத்தோடு நிறுத்தும் ஒரு மாணவன் மூன்று பக்கம் எழுதி வந்தான். அவன் தந்தை லாரி ஓட்டுநர். வாரத்தில் பாதி நாள் நெடுஞ்சாலையில் இருப்பவர். அவன் சிறுவனாக இருந்தபோது இரவில் தொலைபேசி வழியே கதை சொல்லித் தூங்க வைப்பாராம். அந்தக் கதையை எழுதியிருந்தான். பிழைகள் நிறைய இருந்தன. ஆனால் இம்முறை அவனே என் மேசைக்கு வந்து, “இதை அப்பாகிட்ட கொடுக்கப் போறேன், டீச்சர். பிழை இல்லாம இருக்கணும்” என்றான். ஒற்றெழுத்து மிகும் இடங்களை அவன் அன்றுதான் கவனமாகக் கேட்டுக்கொண்டான்.

‘எங்கள் வீட்டில் கதை சொல்லும் பாட்டி இல்லையே’ என்று சில மாணவர்கள் நினைக்கலாம். இன்று தோட்டமும் இல்லை. லயத்து வாசற்படியும் இல்லை. அடுக்குமாடி வீட்டில் பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகின்றனர். இருப்பினும், கதை இல்லாத வீடு கிடையாது. அம்மா பள்ளி நாளில் மழையில் நனைந்து வந்த கதை இருக்கும். தாத்தா முதன்முதலில் மிதிவண்டி வாங்கிய கதை இருக்கும். சிறு வயதில் நீங்களே பொம்மைகளை வைத்து இட்டுக்கட்டிய கதை இருக்கும். தொலைக்காட்சியில் பார்த்த கேலிச்சித்திரத்தின் முடிவு பிடிக்காமல் மனத்துக்குள் நீங்கள் மாற்றிக்கொண்ட முடிவு இருக்கும். அவையும் கதைகளே.

செய்ய வேண்டியது அதிகம் இல்லை. சிறு வயதில் உங்களை, ‘அப்புறம்?’ என்று கேட்க வைத்த ஒரு கதையை நினைவுபடுத்துங்கள். அதை உங்களுக்குச் சொன்னவர் இருந்தால் மீண்டும் ஒருமுறை கேளுங்கள். அவர் சொன்ன சொற்களிலேயே முதலில் எழுதுங்கள். பிழையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எழுதி முடித்ததும் ஒருவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர் எங்கே சிரிக்கிறார், எங்கே கொட்டாவி விடுகிறார் என்று கவனியுங்கள். கொட்டாவி விட்ட இடத்தைத் திருத்துங்கள்.

நான் மீண்டும் எழுதத் தொடங்கிவிட்டேன். ஒரு கதையை நாளிதழ் ஒன்றுக்கு அனுப்பினேன், வெளிவரவில்லை. அதனால் சோர்ந்துவிடவில்லை. இப்போது பாட்டியைப் பார்க்கப் போகும்போதெல்லாம் குறிப்பேடும் கையுமாகத்தான் போகிறேன். சில நாள் அவர் பாதிக் கதை சொல்கிறார். சில நாள் நான் படித்துக் காட்ட, அவர் கேட்கிறார். முதலைகள் வரிசையில் நிற்கும் இடம் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்புறம்?” என்கிறார். இப்போது அதற்கு என்னிடம் விடை இருக்கிறது.

மாணவர்களே, உங்கள் வீட்டுக் கதையின் முடிவு யாரிடம் இருக்கிறது? அவர் மறப்பதற்கு முன்னால் போய்க் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள்.